பேனா வரைந்த வட்டத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்தேன்

வீட்டில் இருக்கும் சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொல்லி, நீங்களும் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஆள் பெயரும் பட்டறைப் பெயரும் இங்கே எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவாகப் போகிறது, பெயர் அங்கே வரும்.

நான் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பத்தொன்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஒரு பழைய லேத், ஒரு பெஞ்ச் மில்லிங் மெஷின் வைத்துச் சொந்தமாக வேலை செய்கிறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் நொறுக்கும் மெஷின்களுக்குப் பக்கத் தகடு செய்து கொடுப்பதுதான் மாதா மாதம் வரும் வேலை. 20 மிமீ அலுமினியத் தகடு, நடுவில் 6204 பேரிங் உட்கார 47 மிமீ துளை, சுற்றி ஆறு போல்ட் துளை. கையால் சக்கரம் சுற்றிச் செய்தால் ஒரு தகட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ராத்திரி தோள்பட்டை வலியில் தூக்கம் வராது. மோட்டார் போட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஒன்று ஓடும்போதே அடுத்ததற்கு ஓரம் தீட்டலாம் என்று ஆசைப்பட்டேன்.

மெக்கானிக்கல் வேலை எனக்குத் தெரியும். டிரைவர், வயரிங், மென்பொருள் என்றால்தான் பயம். அந்தப் பயத்தில், தெரிந்த வேலையையும் சேர்த்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன்.

புதுச்சேரியில் ஒரு பட்டறைக்காரர். வீடியோக்கள் போடுவார், பேச்சு நன்றாக இருக்கும், எல்லோரையும் 'அண்ணே' என்பார். மொத்தம் 1,40,000 ரூபாய் சொன்னார். மூன்று அச்சுக்கும் கிரவுண்ட் பால் ஸ்க்ரூ சி5 தரம், 3 நியூட்டன் மீட்டர் ஸ்டெப்பர் மோட்டார், டிஎம்542 டிரைவர், மாக்3 மென்பொருள் உரிமத்தோடு, மூன்று வாரத்தில் கையில். (பால் ஸ்க்ரூ என்பது மேசையை நகர்த்தும், குண்டுகள் மேல் ஓடும் மரைத் தண்டு. கிரவுண்ட் என்றால் சாணையில் தீட்டிச் செய்தது, சி எண் சின்னதானால் துல்லியம் அதிகம். ஸ்டெப்பர் படிப்படியாகச் சுற்றும் மோட்டார், டிரைவர் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, மாக்3 எல்லாவற்றையும் ஓட்டும் மென்பொருள்.) இதெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வந்தது. பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் ஏறும்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். சரி என்று விட்டேன். 70,000 முன்பணம் ஜிபேயில் போட்டு, மெஷினைக் குட்டியானையில் ஏற்றி அனுப்பினேன்.

மூன்று வாரம் நாலு மாதம் ஆனது. அதுவரை துறைமுக வேலையை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தேன். நாலாவது மாதம் "ரெடிண்ணே, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். பஸ் பிடித்துப் போனேன். மேசையில் வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. சுழலும் தண்டான ஸ்பிண்டிலில், எண்ட் மில் என்ற வெட்டும் கருவிக்குப் பதிலாகத் தடித்த மார்க்கர் பேனா. பட்டனைத் தட்டியதும் வட்டம் போட்டது, பூ போட்டது, என் பெயரைத் தமிழில் எழுதியது. என் பெயரை என் மெஷினே எழுதுவதைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்துவிட்டது. அங்கேயே இன்னொரு 50,000 போட்டேன். மெஷின் வீட்டுக்கு வந்த அன்று மீதி 20,000.

இப்போது யோசித்தால் புரிகிறது. மார்க்கர் கோடு ஒரு மிமீ தடிமன். வட்டத்தில் 0.3 மிமீ கோணல் இருந்தால் அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். அதோடு பேனா உலோகத்தை வெட்டுவதில்லை, மேசையை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. உங்களுக்குக் காட்டும்போது அலுமினியம் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டிய துளையை நீங்கள் கொண்டுபோன போர் டயலால் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) நீங்களே அளங்கள்.

முதல் தகட்டில் 47 மிமீ துளை ஒரு பக்கம் 46.98, அதற்குக் குறுக்கே 46.71. பேரிங் உட்காரவில்லை. ஃபீடை, அதாவது மேசை நகரும் வேகத்தைக் குறைத்தேன், ஆழத்தைக் குறைத்தேன், புது எண்ட் மில் போட்டேன். பதினோரு தகடு வீண். பட்டறைக்காரருக்குப் போன் செய்தால் "புரோகிராம் மிஸ்டேக்ணே" என்றார். பிறகு எடுப்பதை நிறுத்தினார்.

என்னை டூல் ரூமில் பழக்கிய ஃபோர்மேன் அரியாங்குப்பத்தில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். மறுநாள் காலை தன் டயல், காந்த ஸ்டாண்டோடு வந்து இறங்கினார். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு மிமீ முன்னே, ஒரு மிமீ பின்னே என்று ஓட்டச் சொன்னார். டயல் முள் சரியாக அதே இடத்துக்கு வந்தது. "பாருங்க சார், மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மோட்டார் ஆன்ல இருக்கட்டும். இப்ப டேபிளைக் கையால தள்ளு தம்பி" என்றார். தள்ளினேன். முள் 0.32 மிமீ நகர்ந்தது. இழுத்தேன், திரும்பி வந்தது. மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேசை கைக்கு ஆடுகிறது.

அப்படியானால் ஓட்டும்போது மட்டும் எப்படிச் சரியாக வந்தது? மாக்3க்குள் பேக்லாஷ் (திசை திரும்பும்போது வரும் ஆட்டம்) பக்கத்தைத் திறந்து பார்த்தோம். எக்ஸ் அச்சுக்கு 0.32, ஒய் அச்சுக்கு 0.26 என்று பட்டறைக்காரர் எண் போட்டு வைத்திருந்தார்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. தெரியாமல் செய்த வேலை என்றால் மன்னிக்கலாம். இவர் டயல் வைத்து அளந்திருக்கிறார். எவ்வளவு ஆடுகிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அந்த எண்ணை மென்பொருளில் போட்டு மறைத்து, பேனாவை மாட்டி எனக்குக் காட்டியிருக்கிறார்.

மென்பொருளில் போடும் அந்த எண், திசை திரும்பும்போது மோட்டாரை அவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றவைக்கும். சும்மா ஓட்டும்போது கணக்கு சரியாக வரும். ஆனால் எண்ட் மில் உலோகத்தைக் கடிக்கும்போது மேசையைத் தன் பக்கம் இழுக்கும். அந்த 0.32 மிமீக்குள் மேசை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டத்தை இரும்பில்தான் சரி செய்ய வேண்டும். அதனால் டயல் வைத்து ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, கையால் தள்ளியும் பாருங்கள். பேக்லாஷ் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்பதையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தோம். பால் ஸ்க்ரூவின் மோட்டார் பக்கத்து முனையைப் பிகே12 என்ற பேரிங் கட்டை தாங்குகிறது. முன்னும் பின்னும் வரும் தள்ளலை முழுக்க அதுதான் வாங்க வேண்டும். அதற்காக அதில் 7001 ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஜோடியாக, ஒன்றுக்கொன்று எதிராகப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். எனக்கு வந்ததில் இருந்தது சாதாரண 6001, அதற்குள் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இரண்டுக்கும் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மிமீ. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மூடியைக் கழற்றி, பேரிங் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தால்தான் தெரியும். நாலு ஸ்க்ரூ கழற்றுகிற வேலை. மெஷினை வாங்கும்போதே அவர் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பால் ஸ்க்ரூ சி5 இல்லை, உருட்டிச் செய்த சி7. சி5 என்றால் 300 மிமீ நீளத்துக்கு 0.018 மிமீ பிழைதான் அனுமதி, சி7 என்றால் 0.05 வரை போகலாம். நேர்மையாகச் சொல்கிறேன், வீட்டு மெஷினுக்கு சி7 போதும். அவர் சி7 என்றே சொல்லியிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். சி5 விலை வாங்கிக்கொண்டு சி7 போட்டதுதான் குற்றம். அதைவிட மோசம், ஸ்க்ரூவில் ஓடும் நட்டின் விளிம்பு சேடிலுக்கு (மேசையைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கட்டை) அடியில் இடிக்கிறது என்று, நட்டை ஸ்க்ரூவிலேயே வைத்துக் கை கிரைண்டரால் தேய்த்திருக்கிறார். அந்தத் தூள் உள்ளே போய், கையால் சுற்றினால் கரகரவென்கிறது. சேடிலின் வார்ப்பிரும்பையும் அதே கிரைண்டரால் குடைந்திருக்கிறார். ஓர் இடத்தில் சுவர் நாலு மிமீகூட மிச்சமில்லை.

மோட்டார் மேல் 3 நியூட்டன் மீட்டர் என்று ஸ்டிக்கர். நீளத்தை வெர்னியரில் அளந்தால் 76 மிமீ. நேமா 23 என்ற அளவு மோட்டாரில் அந்த நீளத்துக்கு வழக்கமாகச் சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான் கிடைக்கும், 3 வேண்டுமானால் பெரும்பாலும் இன்னும் நீளமான உடம்பு இருக்க வேண்டும். டிரைவர் டிஎம்542 இல்லை, அதைவிட மலிவான டிபி6600 பெட்டி. மென்பொருள் உரிமம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. அந்த 1,40,000இல் அதற்கென்று 12,000 கணக்குச் சொல்லியிருந்தார். காசே கொடுக்காமல் ஓட்ட லினக்ஸ்சிஎன்சி இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். கை போயிருக்கும்.

ஒரு சாயங்காலம் வைஸில் (இடுக்கி) ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய துண்டை இறுக்கிக்கொண்டிருந்தேன், எண்ட் மில் நேர் மேலே. ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். கரண்ட் போனது. மில்லிங் தலை மோட்டாரோடு சேர்ந்து சரசரவென்று இறங்கி, எண்ட் மில் ஜாப்பில் குத்தி உடைந்தது. இரண்டு நொடிக்கு முன் என் வலது கை அங்கேதான் இருந்தது. சத்தம் கேட்டு என் மனைவி ஓடி வந்தாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

காரணம் இதுதான். மெஷினில் முன்பு இருந்த சாதாரண மரைத் தண்டான லீட் ஸ்க்ரூவில் உராய்வு அதிகம், சக்கரத்தை விட்டாலும் தலை நின்ற இடத்தில் நிற்கும். பால் ஸ்க்ரூ 90 சதவீதம் திறனோடு ஓடும், அதனால் எடை அழுத்தினால் தானாகவே சுற்றிக்கொண்டு இறங்கும். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்வரை பிடிக்கும், போனால் விட்டுவிடும். மேலே கீழே போகும் அச்சுக்குப் பால் ஸ்க்ரூ போட்டால் பிரேக் உள்ள மோட்டாரோ, கேஸ் ஸ்ப்ரிங்கோ, எதிர் எடையோ கட்டாயம் வேண்டும். எனக்கு எதுவும் போடவில்லை. போதாததற்கு, சின்ன மோட்டாரால் தலையைத் தூக்க முடியவில்லை என்று கிப்பையும் (சறுக்கும் பாதையை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) தளர்த்தி விட்டிருந்தார். மோட்டாரில் மிச்சம் பிடித்த காசு என் விரலைக் கேட்டது.

சிவப்பு எமர்ஜென்சி பட்டனும் அப்படித்தான். அதன் வயர் கம்ப்யூட்டருக்குப் போகும் சின்ன போர்டில் மட்டும் முடிந்தது. கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் பட்டனை அமுக்கியும் ஸ்பிண்டில் சுற்றும். அது கான்டாக்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) வழியாக ஸ்பிண்டிலுக்கும் டிரைவருக்கும் போகும் மின்சாரத்தையே அறுக்க வேண்டும். ஓடும்போது கம்ப்யூட்டர் கேபிளை உருவிவிட்டுப் பட்டனை அமுக்கிச் சோதியுங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு, சிஎன்சியே வேண்டாம், பழையபடி கையால் சுற்றிக்கொள்கிறேன், என் லீட் ஸ்க்ரூவையும் சக்கரங்களையும் கொடுங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். "பழசு எதுக்குண்ணே? எடைக்குப் போட்டுட்டோம்" என்றார். லீட் ஸ்க்ரூ, வெண்கல நட்டு, அளவு பொறித்த சக்கரம் எல்லாம் எடைக்கு. என்னைக் கேட்கவே இல்லை. அந்த மெஷினுக்கு அந்தப் பாகம் தனியாகக் கிடைப்பதும் இல்லை.

எக்ஸ், ஒய் அச்சுக்கு நானே 7001 ஜோடி வாங்கிப் போட்டேன், ஃபோர்மேன் பக்கத்தில் இருந்தார். நட்டுகளைக் கழுவிப் புதுக் குண்டுகள் அடைத்தோம். ஆட்டம் 0.05க்கு வந்திருக்கிறது. செங்குத்து அச்சுக்குப் பிரேக் மோட்டார் வரும்வரை, வைஸில் கை வைப்பதற்கு முன் தலைக்கு அடியில் ஒரு தேக்குக் கட்டையை முட்டுக் கொடுக்கிறேன். குடைந்த சேடிலுக்கு மட்டும் வழி இல்லை.

புகார் பற்றி ஒரு விஷயம். தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று பலர் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான். ஆள் புதுச்சேரியில் இருந்தாலும், நான் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டு வழி கேட்கலாம். பில் இல்லாததால் என் கையில் இருப்பது ஜிபே பதிவு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பட்டியல், பேரிங் முகத்தில் 6001 என்று தெரியும் படம், மாக்3 பேக்லாஷ் பக்கத்தின் படம். பிரிக்கப் பிரிக்கப் படம் எடுக்கச் சொன்னது என் மகள். அவள் சொல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை.

இந்த நேரத்தில் யாருடைய மெஷினாவது இப்படி ஒரு பட்டறையில் பிரித்துக் கிடக்கிறது என்றால், வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒரு சாக்குப் பையோடு போய், உங்கள் லீட் ஸ்க்ரூ, நட்டு, சக்கரம், பழைய பேரிங் கட்டை எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வீட்டில் கொண்டுவந்து வையுங்கள். எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். நம்ம ஊர் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது.