ஏற்காட்டு பங்களா ரேடியோ: ஏழு வருடப் பழக்கத்தில் கண்டது

2018 ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கட்டில், பீரோ, பீங்கான் சாமான் என்று வாசலெல்லாம் பரப்பிக் கிடந்ததில், கோணிச் சாக்கு போர்த்தி ஓரமாக இருந்தது ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களை (வால்வு) வைத்து ஓடும் பழைய வகை. 4,500 ரூபாய்க்குப் பேசி முடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தபடியே இறங்கி, சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. வாரத்தில் நான்கு நாளாவது அதைப் பாடவிடுகிறேன். பழைய வால்வு செட் வாங்கிச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள், எதைப் பார்த்து வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். இந்த ஒரு பெட்டியோடு பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வாங்கும்போது நான் பார்த்தது மூன்று விஷயம்: எத்தனை வயசு, மரம் பளபளப்பாக இருக்கிறதா, பாடுமா. செவ்வாய்ப்பேட்டையில் வால்வு செட் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மேசையில் வைத்ததும் அவர் சுவிட்சைத் தேடவில்லை. டார்ச் அடித்து டயல் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் குமிழ்கள். அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பின் அட்டை.

"கண்ணாடி முழுசா இருக்குது அம்மணி. வால்வு போனா வாங்கிக்கலாம், கண்டன்சர் போனா மாத்திக்கலாம். இது போனா எங்க போயித் தேடுவீங்க?"

அன்றிலிருந்து எந்தப் பழைய செட்டைப் பார்த்தாலும் அவர் கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொள்கிறேன். போனால் திரும்பக் கிடைக்குமா? ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வு கிடார் ஆம்பிளிபயர்களுக்காக இன்றைக்கும் தயாராகிறது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தாலும், மெல்லிய கம்பி சுற்றத் தெரிந்த ஆள் கிடைத்தால் போதும். டயல் முள்ளை நகர்த்தும் கயிறு அறுந்திருப்பதெல்லாம் ஒரு குறையே இல்லை. ஆனால் கண்ணாடி, அந்த மாடலுக்கே உரிய குமிழ், பின் அட்டை இந்த மூன்றும் அதே மாடலில் இன்னொரு பெட்டியைப் பிரித்தால்தான் வரும். அதனால்தான் பளபளவென்று வார்னிஷ் அடித்து, நான்கு குமிழில் இரண்டு வேறு ஜாடையில் இருக்கும் செட்டை விட, தூசி படிந்து முழுசாக இருக்கும் செட் எனக்குப் பெரிது. சில பெட்டிகளில் பாகங்களைத் தாங்கும் இரும்புத் தட்டான சேஸிஸையே எடுத்துவிட்டு உள்ளே புளூடூத் போர்டு வைத்து விற்கிறார்கள். பின்பக்கம் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

பின் அட்டையைப் பலரும் வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். ரிப்பேருக்குப் போன இடத்தில் கழற்றியதோடு தொலைந்துபோன அட்டைகள்தான் அதிகம். மாடல் எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பிலிப்ஸ் மாடல் எண்ணில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் ஏசி கரண்டில் மட்டும் ஓடுவது. யு என்றால் ஏசி, டிசி இரண்டிலும். பி என்றால் பேட்டரி செட். யு வகையில் கரண்டைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராக இரும்புச் சேஸிஸில் வந்து சேர்கிறது. குமிழ் கழன்ற யு செட்டில், குமிழ் இருந்த இடத்தில் நீட்டி நிற்கும் இரும்புத் தண்டைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் யு செட்டை ஓட்டாமல் அலமாரியில் வைத்திருப்பதே நல்லது. பேட்டரி செட்டைக் கண்டால், 90 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒன்பது வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோத்தால் 90 வோல்ட் வந்துவிடுகிறது. வால்வு இழைக்கு மட்டும் தனியாக ஒன்றரை வோல்ட் செல். மலையில் அந்த வகை செட் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

என்னுடையது ஏ வகை. வாங்கிய இடத்திலேயே பிளக் சொருகிப் பார்க்கச் சொன்னார்கள், நான் சொருகவில்லை. அதுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். பல வருடம் சும்மா கிடந்த செட்டில் கரண்டைச் சீராக்கும் பில்டர் கண்டன்சர் செத்திருக்கலாம். பழைய காகிதக் கண்டன்சர் கசிந்து இஎல்84-இன் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) வோல்டேஜ் போனால், வால்வு சிவக்கச் சூடாகி, டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். பெரியவர் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை, ரேடியோவுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகவே போகும்படி சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தார். பல்பு பிரகாசமாக எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். எங்கள் பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி அடங்கியது. அப்புறம் காகிதக் கண்டன்சர்களின் மெழுகை உருக்கி உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் புது கண்டன்சரை வைத்து மூடிக் கொடுத்தார். இரண்டு நாள் வேலை. பார்த்தால் பழையதுதான், வேலை செய்வது புதுசு. சேகரிப்பவர்கள் இப்படிச் செய்ததைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக் கரண்டுக்கு ஏற்ப மாற்றி வைக்கும் வோல்டேஜ் தட்டு 220-இல் இருந்தது. எங்கள் தெருவில் 240 வருகிறது, அதனால் 245-க்கு மாற்றி வைத்தார்.

இனி கண்ணாடி. 2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயலின் உள்பக்கம் மங்கலாக இருக்கிறதே என்று சேஸிஸை வெளியே எடுத்து, ஜன்னல் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியின் பின்பக்கம் பெயிண்டில் அச்சடித்தது என்று எனக்குத் தெரியாது. பஞ்சு பொன்நிறமாக வந்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், டெல்லி இருக்கிறது, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் இருக்கிறது, கொழும்பு இருந்த இடம் வெறும் கண்ணாடி. எத்தனையோ வீடுகளில் இந்த மாதிரிப் பெட்டியை வாங்கியதே இலங்கை வானொலி கேட்கத்தான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு பிசைகிறது. உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டுவதற்கு மேல் டயலின் பின்பக்கம் எதுவும் செய்யாதீர்கள்.

மரத்திலும் ஒரு பாடம். 1,500 மீட்டர் உயரத்தில் பனியையும் ஈரத்தையும் குடித்துக் கிடந்த பெட்டி, சேலத்து ஏப்ரல் வெயிலில் காய்ந்து, மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு (வெனீர்) இடது மூலையில் பிளந்துவிட்டது. மலையிலிருந்து இறக்கும் செட்டை முதல் கோடை முழுக்க வீட்டின் குளிர்ச்சியான அறையில் வைத்து மெதுவாகப் பழக்க வேண்டும். மலைச் செட்டில் துருவையும் ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சையையும் தேடுங்கள். சமவெளிச் செட் என்றால் கரையான், எலி.

பாடுவது எப்படி? சுவிட்ச் போட்டு அரை நிமிடம் வரை சத்தமே இருக்காது. பிறகு மெல்ல ஒரு ஹம், அதன்மேல் குரல். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. டயல் அலைநீளத்தை மீட்டர் கணக்கில் காட்டுவதால் முள்ளை 320 பக்கம் நிறுத்துவேன். மாடியில் நீளமாக ஏரியல் கம்பி கட்டியபின் நன்றாகவே கேட்கிறது. எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும்தான் எதிரி. இரண்டையும் அணைத்துவிட்டு ரேடியோவின் பச்சை வெளிச்சத்தில் செய்தி கேட்பது எனக்குப் பிடித்த நேரம்.

அந்தப் பச்சை, ஸ்டேஷன் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று காட்டும் இஎம்80 மேஜிக் ஐ வால்வு, விசிறி மாதிரி விரிந்து சுருங்கும். ஓட ஓட மங்கும் பொருள் அது. என் கண்ணெதிரே ஏழு வருடத்தில் பாதி வெளிச்சம் போய்விட்டது. ரஷ்ய 6இ1பி வால்வு அதன் இடத்தில் பொருந்தும், ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் மாற்றவில்லை.

போன வருடம் வேறு ஊரிலிருந்து ஒருவர், சேகரிப்பவர், போனில் 15,000 சொல்லிவிட்டு நேரில் வந்தார். பின் அட்டையைத் தடவிப் பார்த்தார். பங்களாவில் ரேடியோவோடு கிடைத்த, ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீஸில் பணம் கட்டி வாங்க வேண்டியிருந்த லைசென்ஸ் புத்தகத்தை, 1980களில் அந்த முறையே நின்றுபோனதால், வெகுநேரம் புரட்டினார். கடைசியில் டயலுக்கு டார்ச் அடித்தார். "இங்க கொழும்பு இருக்கணுமே?" நடந்ததைச் சொன்னேன். விலை 9,000-க்கு இறங்கியது. அவர் கணக்கில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் குறைத்திருப்பேன். விற்கும் எண்ணம் எனக்கில்லை என்றதும், அட்டையையும் லைசென்ஸ் புத்தகத்தையும் மட்டுமாவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.