பிராகில் பணம் மாற்றப் போகிறீர்களா? ரசீதில் நேரத்தைப் பாருங்கள்

செக் குடியரசின் தலைநகர் பிராகுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது யூரோ இல்லை, கொருனாதான். அதனால் பழைய நகரத்தில் பத்தடிக்கு ஒரு பணமாற்றுக் கடை. அதில் ஒன்றில்தான் எங்கள் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

நானும் மனைவியும் காலையில் வெடிமருந்துக் கோபுரத்தில் இருந்து நடக்கத் தொடங்கினோம். இந்த நாட்டின் பழைய ராஜ்ஜியமான பொஹேமியாவின் அரசர்கள் முடிசூட ஊர்வலம் போன பாதை அது. செலெட்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், அப்புறம் குன்றின் மேல் கோட்டை. ஊரைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஏமாற்றுகிறவர்களுக்கும் அது தெரியும்.

சதுக்கத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கடை. வாசல் பலகையில் 'கமிஷன் 0%' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே ஒரு யூரோவுக்குக் கிட்டத்தட்ட 25 கொருனா. வங்கி விலையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் 200 யூரோவை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் மளமளவென்று எண்ணி, ரசீதை இரண்டாக மடித்து நோட்டுகளுக்கு நடுவில் செருகித் தந்தார். எண்ணினால் 3,800 கொருனா. ஆயிரத்துக்கு மேல் குறைகிறது.

கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பலகையில் இருப்பது, நாம் அவர்களிடம் யூரோ வாங்கினால் கொடுக்க வேண்டிய விலையாம். நம்மிடம் யூரோ வாங்கும்போது அவர்கள் தருவது 19. அது எங்கே எழுதியிருக்கிறது என்றால், கண்ணாடிக்கு உட்பக்கம் ஓரத்தில் ஒட்டிய ஒரு தாளில், எறும்பு எழுத்தில். கமிஷன் 0 என்பதும் பொய்யில்லை. விலையிலேயே கிட்டத்தட்ட கால் பங்கை அடித்த பிறகு கமிஷன் எதற்கு? பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது சார், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

எரிச்சலோடுதான் மீதி நடை. 1410இல் செய்த வானியல் கடிகாரத்தின் முன்னால் கூட்டம் அண்ணாந்து நின்றது, நாங்களும் நின்றோம். சதுக்கத்துக் கடைகளில் பன்றித்தொடையை நெருப்பில் சுட்டு விற்கிறார்கள். பக்கத்தில் ஒரு பையன் இரண்டு தட்டு வாங்கிவிட்டு பில்லைப் பார்த்து விழித்தான். பலகையில் இருந்த விலை 100 கிராமுக்கு. அவர்கள் வெட்டி வைக்கும் துண்டோ அதைப் போல மூன்று நான்கு மடங்கு. அங்கே வாங்குவதாக இருந்தால் எத்தனை கிராம் வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, தராசைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

சார்லஸ் பாலத்தின் மேல் ஒரு காலத்தில் டிராம் ஓடியது என்றால் நம்புவீர்களா? 1883இல் குதிரை டிராம், 1905 முதல் 1908 வரை மின்சார டிராம். இப்போது நடந்துதான் போக வேண்டும். பாலத்தைக் கடந்து மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் 22ஆம் எண் டிராம் பிடித்தோம். ஊசிவளைவில் அது முனகிக்கொண்டே குன்று ஏறுவது தனி சுகம். டிக்கெட்டை உள்ளே இருக்கும் இயந்திரத்தில் கார்டைத் தட்டி எடுத்தோம். இப்படி எடுக்கும் டிக்கெட்டுக்கு அப்போதே நேரம் ஓடத் தொடங்கிவிடும். வெளியே வாங்கும் காகித டிக்கெட் என்றால், ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள்.

கோட்டை வாசலில் பை சோதனைக்கு வரிசை. ரசீதைப் பிரித்து வைத்துக்கொண்டு மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற உள்ளூர்க்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?" என்று கேட்டார். மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், சட்டமே இருக்கிறது என்றார். 2019 முதல் உள்ள சட்டம். 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் பொருந்தும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிய அதே கடைக்கு ரசீதோடு போனால் போதும். கடையில் இருந்த ஆள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை!

ரசீதில் 10.20. அப்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வரிசையை விட்டு ஓடி, வந்த டிராமிலேயே ஆற்றைக் கடந்து நரோட்னி அவென்யூவில் இறங்கி வேக நடை. கவுண்டரில் இப்போது ஒரு பெண். முதலில் மேனேஜர் இல்லை என்றார். அப்புறம் படிவம் இல்லை என்றார். "சரி, செக் தேசிய வங்கியிலேயே கேட்டுக்கொள்கிறேன், வெடிமருந்துக் கோபுரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது" என்றேன். பணமாற்றுக் கடைகளைக் கண்காணிப்பது அந்த வங்கிதான். உள்ளே ஒரு போன் பேச்சு. ஐந்து நிமிடத்தில் 200 யூரோவும் முழுசாக வந்தது. வருத்தம் தெரிவிக்கிற வழக்கமெல்லாம் அங்கே இல்லை போலிருக்கிறது. அந்த 3,800 கொருனாவை நாங்கள் தொடாமல் வைத்திருந்ததால் கொடுத்து வாங்குவதில் சிக்கல் இல்லை. நீங்களும் சந்தேகம் வந்தால் மாற்றிய நோட்டைச் செலவழிக்க வேண்டாம்.

பணம் வந்தது, பொழுது போய்விட்டது. 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்த புனித விட்டஸ் பேராலயத்தின் உள்ளே போக நேரமில்லை. கோபுரத்தைப் பாலத்தில் இருந்து பார்த்ததோடு சரி. அந்தக் கடைக்காரர் திருப்பித் தராதது அந்தப் பொழுது ஒன்றுதான்.

இந்தக் கடைகளைவிட மோசம், அவற்றின் வாசலிலேயே நின்று "நல்ல ரேட் தருகிறேன்" என்று காதில் ஓதுகிற ஆட்கள். கொருனா என்று சொல்லி ஹங்கேரியின் ஃபோரின்ட் நோட்டையோ, செல்லாத பழைய நோட்டையோ கையில் திணித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். அவர்களிடம் ரசீதும் கிடையாது, மூன்று மணி நேரமும் கிடையாது. அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: செக் 1,000 கொருனா நோட்டில் தாடி வைத்த வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி இருப்பார், 2,000 நோட்டில் பாடகி எமா டெஸ்டின்னோவா.

டிராமிலும் பெரும்பாலான கடைகளிலும் கார்டு செல்லும். ரொக்கம் வேண்டுமென்றால் வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏடிஎம்மில் எடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்துக்கு மாற்றிக் கணக்கிடட்டுமா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிட்டு, கொருனாவிலேயே கழிக்கச் சொல்லுங்கள்.