ஹெச்ஓவா, என்-கேஜா? கடலோர வீட்டுக்கு எந்த மாடல் ரயில்?

நான் ஹெச்ஓ பக்கம். இரண்டு அளவையும் வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, என்-கேஜ் செட்டை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, ஹெச்ஓவில் நிலைத்துவிட்டேன். மியர்பேங்க், இசிபிங்கோ, டோங்காட் என்று டர்பனைச் சுற்றிக் கடற்காற்று வீசும் இடங்களில் இருந்துகொண்டு எதை வாங்குவது என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை விவரங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஹெச்ஓ என்பது 1:87 அளவு, அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். என்-கேஜில் தண்டவாளம் 9 மில்லிமீட்டர், அளவு 1:160. பிரிட்டிஷ் மாடல் என்றால் 1:148. சாதாரண செட் இரண்டுமே 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். இடம் என்று பார்த்தால் என்-கேஜ்தான் ஜெயிக்கும், அதில் விவாதமே இல்லை. ஒரே ஸ்டேஷனை இரண்டு அளவிலும் கட்டினால் ஹெச்ஓ எடுக்கிற பரப்பில் 30 சதவீதம்கூட என்-கேஜுக்குத் தேவைப்படாது. நம் கடைகளில் விற்கும் 813 மில்லிமீட்டர் அகலக் கதவுப் பலகை ஒன்றைப் படுக்கப்போட்டால் என்-கேஜில் ஒரு முழு ஊரையே அமைக்கலாம். ஹெச்ஓவில் அதே பலகையில் 371 மில்லிமீட்டர் ஆரமுள்ள இறுக்கமான வளைவு மட்டுமே அடங்கும். அதில் நீளமான பயணிகள் பெட்டி போனால் நடுப்பகுதி உள்பக்கமாகப் பிதுங்கி நிற்கும். நான் பலகையைச் சுவரோடு சேர்த்து எல் வடிவத்தில் போட்டுச் சமாளித்தேன்.

நிஜ ரயிலைப் போலவே இருக்க வேண்டும் என்பது உங்கள் முக்கியக் கவலையாக இருந்தால், இந்த இரண்டில் எதுவும் முழுத் திருப்தி தராது. தென்னாப்பிரிக்க ரயில் பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 12 மில்லிமீட்டரும் சொச்சமும் வரும். 16.5 அதற்கு அதிகம். என்-கேஜின் 9 மில்லிமீட்டரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் அதிகம். ஜப்பானியரும் 1067 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் தங்கள் ரயில்களைத்தான் 9 மில்லிமீட்டரில் ஓட்டி ரசிக்கிறார்கள். அகலம் சரியாகப் பொருந்த வேண்டுமானால் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தின்மேல் 1:64 அளவில் வண்டி கட்ட வேண்டும், அல்லது 9 மில்லிமீட்டரின்மேல் 1:120. கைவேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 1:64 நல்ல வழி. வாங்கிய ஹெச்ஓ தண்டவாளம் அப்படியே உதவும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. 1860 ஜூன் 26 அன்று டர்பன் சந்தைச் சதுக்கத்திலிருந்து துறைமுகத்தை ஒட்டிய பாயின்ட் என்ற பகுதி வரை ஓடியதுதான் தென்னாப்பிரிக்காவின் முதல் நீராவி ரயில். அந்தப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். 1067க்கு மாறியது 1870களில்தான். ஆக, அந்த முதல் ரயிலை மாடலாகக் கட்டினால் ஹெச்ஓ தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தும். அதே ஆண்டு நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்து இறக்கியது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர் பிறகு நேட்டால் ரயில்வேயில் வேலை செய்தவர்கள். இந்த ஊர்த் தமிழர் ஒருவர் ரயில் மாடல் கட்டுவதற்கு இதைவிடச் சிறந்த பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இடமும் இல்லை, அகலமும் இல்லை. தண்டவாளத்தைத் துடைக்கும் வேலைதான்.

மாடல் இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறுகிறது. இரண்டும் தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அதன்மேல் தூசியும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் படியும். எங்கள் பக்கம் ஆலைப் புகையும் சேர்ந்துகொள்கிறது. சக்கரம் உருளும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு பொறிகள் தெறித்து, அந்த அழுக்கைக் கறுப்புப் பிசினாக ஆக்கிவிடுகின்றன. அப்புறம் இன்ஜின் விக்கி விக்கி நிற்கும்.

இந்த அழுக்கு இரண்டு அளவுக்கும் பொதுவானதுதான். ஆனால் அதை அமுக்கிக்கொண்டு போக எடை வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால், ஒரே இன்ஜினை ஒரே உலோகத்தில் இரண்டு அளவிலும் செய்தால் என்-கேஜ் இன்ஜினின் எடை ஹெச்ஓவின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். சக்கரம் தண்டவாளத்தை அழுத்தும் விசையும் அந்த அளவுக்குக் குறையும். மோட்டாரின் சுழற்சியைத் தொடரவைக்க உள்ளே இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனச் சக்கரமும் சிறியது. ஆகவே ஒரு நொடி மின்சாரம் விட்டுப்போனாலும் உருண்டு தாண்டிவிடும் வேகம் அதற்குக் கிடைக்காது. பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட்டின் நடுவில், தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக் என்ற துண்டு பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால், பெட்டிகளை இடம் மாற்றும் சின்ன ஷன்டிங் இன்ஜின் அங்கேயே படுத்துவிடும். டிசிசி என்பது ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை. ஹெச்ஓவில் அதன் கட்டளைகளை வாங்கும் டீகோடர் சில்லோடு ஒரு மின்தேக்கியையும் வைக்க இடம் கிடைக்கும். விட்டுப்போகும் மின்சாரத்தை அது ஈடுகட்டிவிடும். என்-கேஜில் டிசிசியை நான் ஓட்டியதில்லை. பொருத்திப் பார்த்தவர்கள் அந்த இடப் பற்றாக்குறையைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் கோடைக்காலத்தில், டிசம்பரிலிருந்து மார்ச் வரை, என்-கேஜ் ஓட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும் முதலில் துடைக்க வேண்டியிருந்தது. ஹெச்ஓ இரண்டு வாரம் சும்மா கிடந்தாலும், கனமான இன்ஜின் ஒன்றை இரண்டு சுற்று விட்டால் தானே சரியாகிவிடுகிறது. குழந்தைகள் பார்க்க வரும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

துடைக்கும் முறை எந்த அளவாக இருந்தாலும் ஒன்றுதான். நூல் பிரியாத பருத்தித் துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது விடும் கீறல்களில் அழுக்கு தங்கிவிடும். சக்கரத்தையும் மறக்காதீர்கள். பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகச் சக்கரமாக மாற்றிவிடுங்கள், அழுக்கு குறையும். தண்டவாளம் நிக்கல் சில்வராகத்தான் இருக்க வேண்டும். பழைய செட்டுகளோடு வரும் இரும்புத் தண்டவாளம் இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

என்-கேஜுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கொடுத்த செட் இப்போது ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் மச்சான் வீட்டில் ஓடுகிறது. "நீங்க சொன்ன விக்கலெல்லாம் இங்க காணோமே மச்சான்" என்று அவர் போனில் சொன்னார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். ஹைவெல்ட் என்ற அந்த உள்நாட்டு மேட்டுநிலத்தின் வறண்ட காற்றில் அதே இன்ஜின்கள் மெதுவாக, சீராக ஊர்ந்து போகின்றன. நான் பார்த்தது குளிர்கால விடுமுறையில் மட்டும்தான். அங்கே மழைக்காலத்தில் எப்படி ஓடுகிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கடலுக்குத் தொலைவில், சின்ன வீட்டில் இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு ஹெச்ஓ வாங்க வேண்டியதில்லை.

பழைய சாமான் கிடைப்பதிலும் ஹெச்ஓ முந்துகிறது. இத்தாலியின் லீமா கம்பெனி ஒரு காலத்தில் எஸ்ஏஆர், அதாவது தென்னாப்பிரிக்க ரயில்வே, வண்டிகளின் மாடல்களைச் செய்து விற்றது. அந்தக் கம்பெனி நொடித்து, 2004இல் ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் மாடல் ரயில் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனாலும் அந்த வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. என்-கேஜில் நம் நாட்டு இன்ஜின் வேண்டுமென்றால், நான் பார்த்தவரை, மேல்கூட்டை 3டி பிரின்ட் எடுத்து வெளிநாட்டு இன்ஜினின் அடிச்சட்டத்தில் பொருத்துவதுதான் வழி.

பழைய லீமா வாங்குகிறவர்கள் தண்டவாளத்தைக் கோட் 100 என்று கேட்டு வாங்குங்கள் (கோட் எண் தண்டவாளத்தின் உயரத்தைக் குறிக்கும்). அந்தக் காலச் சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. கோட் 75 போன்ற தாழ்ந்த தண்டவாளத்தில் ஓடினால் கட்டைகளின் பிடிப்புகளில் தட்டிக்கொண்டே போகும். வாங்கும் முன் ஒரு 9 வோல்ட் பேட்டரியைச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் மற்றதை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.