ஆப்பிள் சைடர் காக்டெயில்: சோடாவா, ஸ்பார்க்ளிங் ஒயினா, பாட்டில் சைடரா?

பெங்களூரில் வீட்டில் நாலு பேர் கூடும்போது நுரைக்கிற ஆப்பிள் காக்டெயில் கலக்க மூன்று வழி உண்டு. ஆப்பிள் ஜூஸில் பிராந்தியோ ரம்மோ சேர்த்து சோடா ஊற்றலாம். ஜூஸின் மேல் ஸ்பார்க்ளிங் ஒயின் ஊற்றலாம். கடையில் விற்கிற ஆல்கஹால் சைடரையே (நொதிக்கவைத்த ஆப்பிள் சாறு) வாங்கி அதில் கலக்கலாம். நான் சோடா பக்கம். ஆனால் ஜூஸை அப்படியே ஊற்றக் கூடாது. நாலில் ஒரு பங்காகச் சுண்டவைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

விலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சோடா பெட்டிக்கடையிலேயே கிடைக்கும், ஒயின் செலவு கூடுதல், சைடர் எல்லா மதுக்கடையிலும் இருக்காது. ருசியும் அவரவர் நாக்கு. இதில் ஜெயிப்பதும் தோற்பதும் கேஸில்தான், அதாவது குமிழாக வரும் கரியமில வாயுவில்தான்.

வழக்கமாக எப்படிக் கலக்கிறோம்? 120 மில்லி ஜூஸ், 30 மில்லி ரம், மேலே 90 மில்லி சோடா. மொத்தம் 240. அதில் கேஸ் இருப்பது 90 மில்லியில் மட்டும். மீதி 150 மில்லி செத்த தண்ணீர். சோடாவின் விறுவிறுப்பு பாதிகூட மிஞ்சாது. முதல் வாய் பரவாயில்லை, மூன்றாவது வாயில் வெறும் இனிப்புத் தண்ணீர். சோடாவைக் கூட்டினால் ஆப்பிள் காணாமல் போகும். ஜூஸைக் கூட்டினால் கேஸ் போகும். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வரத்தான் ஜூஸைச் சுண்டவைப்பது. ஒரு லிட்டரை 250 மில்லியாக்கினால் 30 மில்லியில் 120 மில்லி ஜூஸின் இனிப்பும் புளிப்பும் அடங்கிவிடும். பிறகு 30 மில்லி ரம், 120 மில்லி சோடா. இப்போது கிளாஸில் மூன்றில் இரண்டு பங்கு சோடா.

சுண்டவைக்க அகலமான, அடிகனமான பாத்திரம் வேண்டும். குறுகிய பாத்திரத்தில் நேரம் இழுக்கும். அதிக நேரம் கொதித்தால் ஆப்பிள் வாசனை போய் வெல்லப்பாகு வாசனை வரும். முதலில் நல்ல தீ, பாதியானதும் சிம். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு போட்டு, இறக்கியதும் எடுத்துவிடுங்கள். கிராம்பு ஊறிக்கொண்டே கிடந்தால் பல்வலி மருந்து வாசனைதான் மிஞ்சும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் எண்ணெய் மாதிரி வழிய வேண்டும். தேன் பதத்துக்குப் போய்விட்டால் ஐஸில் பட்டதும் அடியில் ஒட்டிக்கொள்ளும், கலக்கக் கலக்க கேஸ் வெளியேறும்.

இதற்குப் புதிதாகப் பிழிந்த ஜூஸைவிட பாக்கெட் ஜூஸே மேல் என்றால் பலருக்கும் ஒப்பாது. ஆனால் காரணம் இருக்கிறது. மிக்ஸியில் அடித்துத் துணியில் பிழிந்த சாறில் பெக்டின் என்ற பசைச்சத்து நிறைய. நாலில் ஒன்றாகச் சுண்டும்போது அது ஜாம் மாதிரி உறைய ஆரம்பிக்கும். கூடவே மிதக்கிற சக்கைத் துணுக்குகள். ஒவ்வொரு துணுக்கிலும் கேஸ் குமிழாகப் பிடித்துக்கொண்டு மேலே வரும். சோடா பட்டதும் கிளாஸ் பொங்கி வழிந்து அடங்கிவிடும். பாக்கெட் ஜூஸை ஆலையிலேயே தெளியவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது பாக்கெட்டின் முகப்பைப் பார்க்காதீர்கள், பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். கான்சன்ட்ரேட்டில், அதாவது ஆலையில் சுண்டவைத்த சாறில், தண்ணீர் சேர்த்துத் தயாரித்த ஜூஸுக்கு ‘100 சதவீதம்’ என்று போடக்கூடாது என 2024-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லிவிட்டது. சர்க்கரை தனியாகச் சேர்த்திருந்தால் வேண்டாம், சுண்டியதும் பாகாகிவிடும்.

பழத்திலிருந்துதான் செய்வேன் என்பவர்கள் ஹாப்காம்ஸ் பழக்கடையிலோ ரஸ்ஸல் மார்க்கெட்டிலோ சிவப்பு டெலிஷியஸ் மட்டும் வாங்கி வராதீர்கள். அதில் இனிப்பு உண்டு, புளிப்பு போதாது. மூன்று சிவப்புக்கு ஒரு பச்சை கிரானி ஸ்மித் சேருங்கள். ஒரு கிலோவுக்கு அரை லிட்டரை ஒட்டிச் சாறு வரும். கறுக்காமலிருக்க எலுமிச்சை பிழிந்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, பாதியாகச் சுண்டினால் போதும். ஒரு கிளாஸுக்கு 45 மில்லி ஊற்றுங்கள்.

கலக்கிற வரிசையிலும் கேஸ்தான் கணக்கு. கரியமில வாயு குளிர்ந்த தண்ணீரில்தான் தங்கும். 25 டிகிரியில் கரைவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பூஜ்ஜியத்தில் கரையும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் திறந்த சோடா இங்கே இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பொங்கும். அதனால் சோடா, ஜூஸ், கிளாஸ் மூன்றும் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வரட்டும்; பாட்டிலை ராத்திரியே உள்ளே வைத்துவிடுங்கள். சுண்டிய ஜூஸ் 30 மில்லி, பிராந்தி அல்லது ஓல்ட் மங்க் ரம் 30, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன் ஆகியவற்றை முதலில் கலந்துவிடுங்கள். பெரிய ஐஸ்கட்டி இரண்டு போடுங்கள். ஃபிரீசரிலிருந்து வெள்ளைப் பூ பூத்து வரும் ஐஸைத் தண்ணீரில் ஒரு முறை அலசிப் போட்டால் நுரைக்காது. கிளாஸைச் சாய்த்து, ஓரமாக சோடாவை இறக்குங்கள். ஜூஸ் கனமானது, அடியில் நிற்கும். ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை மேலே தூக்கினால் போதும். பட்டைத் தூளோ உப்போ மேலே தூவாதீர்கள், தூள் பட்ட இடமெல்லாம் கேஸ் ஓடிவிடும். இஞ்சி வேண்டுமென்றால் சாறு எடுத்துத் தெளியவைத்து, அடியில் படிகிற வெள்ளை மாவை விட்டுவிட்டு மேலே உள்ளதை அரை டீஸ்பூன்.

இனி ஒயின். நியாயமாகச் சொன்னால், கேஸ் அளவில் சோடாவையே தோற்கடிப்பது இதுதான். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்த ஒயினில் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஐந்து, ஆறு மடங்கு வரை இருக்கும். குமிழும் பொடிப்பொடியாக நெடுநேரம் ஏறும். நாசிக் பக்கத்து சூலா, ஷாண்டோன், நந்தி மலைப் பக்கத்து குரோவர் ஸம்பா என எதுவானாலும் ‘புரூட்’ வாங்குங்கள், இனிப்பு குறைவு. 120 மில்லி ஒயினுக்குச் சுண்டிய ஜூஸ் 15 மில்லி. ரம், பிராந்தி எதுவும் வேண்டாம். சிக்கல் திறந்த பிறகுதான். 750 மில்லியில் ஆறு கிளாஸ் வரும். இரண்டு பேர் குடித்து மீதியை வைத்தால் மறுநாள் சாதா ஒயின்தான். கழுத்தில் ஸ்பூனைச் செருகி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. கவ்விப் பிடிக்கும் மூடி இருந்தால் ஒரு நாள் தாங்கும். சோடாவில் இந்தக் கவலையே இல்லை, சின்ன பாட்டிலாக வாங்கித் திறந்தால் ஆயிற்று.

பாட்டில் சைடர் அப்படியே குடிக்க நல்லது, கலக்க அல்ல. ஏற்கெனவே இனிப்பு, கேஸும் சோடாவைவிடக் குறைவு, மேலே எதை ஊற்றினாலும் நீர்த்துப்போகும். 15 மில்லி பிராந்தி, ஒரு ஆப்பிள் துண்டு, அதோடு நிறுத்துங்கள். ஆப்பி ஃபிஸ் குழந்தைகளுக்கு. அதில் ரம் ஊற்றினால் இனிப்புதான் முன்னே நிற்கும். வீட்டு சோடா மெஷினில் எனக்கு அனுபவம் குறைவு. ஆனால் ஜூஸை நேராக மெஷினில் வைக்காதீர்கள், நுரை பொங்கிக் குழாயில் ஏறும். தண்ணீருக்கு மட்டும் கேஸ் ஏற்றிக் கலப்பதுதான் பத்திரம்.

சுண்டிய ஜூஸ் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். ஐஸ் டிரேயில் ஊற்றி ஃபிரீசரில் வைத்தால் மாதக் கணக்கில். பத்துப் பேர் வருகிற அன்று ஜூஸ், ரம், எலுமிச்சை மூன்றையும் காலையிலேயே ஜக்கில் கலந்து குளிரவையுங்கள். ஜக்கில் சோடா வேண்டாம், ஒவ்வொரு கிளாஸிலும் தனித்தனியாக ஊற்றுங்கள். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளாஸ் தூக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் இரண்டு பாட்டில் ஒயின் வாங்குங்கள், மீதி இருக்காது.