சீனி வருத்தத்துக்கு நிபுணரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது? மூன்று வழிகள், ஒரு குடும்பம்

போன வைகாசிச் சடங்கன்று அம்மன் கோயில் வளவில், வேம்பின் கீழே எங்கள் வீட்டுச் சீனி வருத்தக்காரர் மூவரும் ஒன்றாக இருந்தார்கள். அம்மா, அவவின் தமையன் பெரிய மாமா, அப்பாவின் தமையன் பெரியப்பா. பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த மூவருக்கும் அது மருந்தில்தான் போய் நிற்கும். "பெரிய டொக்டரை எத்தனை மாசத்துக்கு ஒருக்கா பாக்க வேணும் மாமி?" என்று என் மனைவி அம்மாவிடம் கேட்கப்போக, மூன்று பேரிடமிருந்தும் மூன்று பதில் வந்தது. மூவரும் தன் வழிதான் சரி என்று நின்றார்கள். மூவர் கையிலும் வாழையிலைத் துண்டில் சக்கரைப் புக்கை இருந்தது, அது வேறு கதை.

நான் டொக்டர் இல்லை. ஆனால் மூவருக்கும் துணையாக ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தவன். எந்த வழியில் என்ன கிடைக்கிறது, என்ன தவறிப்போகிறது என்று கிட்ட இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

அம்மாவின் வழி, மாதம் தவறாத மெடிக்கல் கிளினிக். பெரிய அரச ஆஸ்பத்திரி ஒன்று. பெரியகல்லாற்றில் விடியப் பஸ் ஏறினால்தான் நம்பர் கிடைக்கும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, பையில் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, கொப்பியை அடுக்கில் வைத்துவிட்டு இருக்க வேண்டும். பத்தரை, பதினொன்றுக்குப் பெயர் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் நிபுணரின் கீழ் வேலை செய்யும் இளம் டொக்டர். போன மாதம் பார்த்தவர் இந்த மாதம் இருப்பதில்லை. கொப்பியைப் புரட்டுவார். "128. பரவாயில்ல அம்மா. அதே மருந்து." கையெழுத்து. அடுத்த நம்பர். நான் ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்தேன், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெளியே வாங்கில் நூறு பேர் இருந்தார்கள்.

அம்மாவுக்கு அது போதும். "மருந்து வந்திட்டு, இனி ஒரு மாசத்துக்குப் பயமில்ல மகன்" என்பா. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மருந்து இலவசம், பிரஷர் பார்க்கிறார்கள், ஏதாவது வித்தியாசம் என்றால் நிபுணரிடம் அங்கேயே காட்டலாம். காசு கையில் இல்லாத குடும்பத்துக்கு இந்த இலவசக் கிளினிக் எவ்வளவு பெரிய விசயம் என்பது 2022இல் மருந்து தட்டுப்பாடாகி, துண்டெழுதி வெளியில் வாங்கச் சொன்னபோதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

ஆனால் அந்த 128க்குப் பின்னால் ஒரு கள்ளம் இருந்தது. கிளினிக்குக்கு மூன்று நாளுக்கு முன்பிருந்தே அம்மா சோற்றைக் குறைத்துவிடுவா. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, தயிருக்குப் பாணி இல்லை, குளிசை நேரத்துக்கு. கிளினிக் முடிந்து வந்த அன்று மத்தியானமே பழைய பாடுதான். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை. விடியக்காலை எடுக்கும் வெறுவயிற்று இரத்தம் அந்தக் காலையை மட்டும்தான் சொல்லும். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையை இப்படி ஏமாற்ற முடியாது. சீனி இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிரோடிருக்கும். ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி அதில் தெரிந்துவிடும். ஒருநாள் வெளி லாப்பில் அம்மாவுக்கு எடுத்துப் பார்த்தோம். 9.1 சதவீதம் வந்தது. சராசரி சீனி 210ஐத் தாண்டி நிற்கிறது என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 7க்குள். வருடத்துக்குப் பன்னிரண்டு தரம் கிளினிக் போன மனுசிக்கு இது.

மாமாவின் வழி வேறு. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வீடு மட்டக்களப்பு டவுனில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிபுணரைச் சனல் பண்ணுவார், அதாவது தனியாரிடம் காசு கட்டிப் பார்ப்பார். டொக்டர் காசு, சனலிங் சென்டர் காசு, லாப் காசு எல்லாம் சேர ஒரு தடவைக்கு ஏழு எட்டாயிரம் போகிறது, மருந்துக் காசு தனி. "காசு குடுத்தாத்தான் டொக்டர் நம்மட முகத்தப் பாப்பாரு" என்பது அவர் கட்சி. அதில் பொய் இல்லை. ஒரே டொக்டர், ஒரே ஆளை, ஆறு வருடமாகப் பார்க்கிறார். எச்பிஏ1சி ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும். குளிசையைக் கூட்டினால் அடுத்த மூன்று மாதத்தில் அதன் விளைவு தெரியும். மூன்று மாத இடைவெளி என்பது சிவப்பணுவின் ஆயுளோடு பொருந்தி வருகிறது, மாத இடைவெளி பொருந்தாது.

அவரிடம் இருந்த ஓட்டை கண். ஆறு வருடத்தில் ஒருநாளும் கண் விழித்திரையைக் காட்டவில்லை. ஏன் மாமா என்று கேட்டேன். "பெரிய டொக்டரே பாக்கிறாரே, கண்ணில ஏதும் எண்டா அவர் சொல்ல மாட்டாரா?" மருந்து எழுதும் நிபுணர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து விழித்திரையைப் பார்க்க முடியாது. கண்மணி விரிய மருந்து விட்டு, கண் டொக்டர் பார்க்க வேண்டும், அல்லது விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். சீனியால் விழித்திரையில் வரும் கசிவு தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் குறையாது. பத்திரிகை வாசிக்கக் கண் தெரிகிறது என்பது ஒரு சாட்சியே இல்லை. தெரியாமல் போன பிறகு லேசரோ ஊசியோ மிச்சத்தைக் காப்பாற்றும், போனதை முழுதாகத் திருப்பித் தருவது கடினம்.

சனல் பண்ணுபவர்களுக்கு இன்னொன்றும் நடக்கும். எல்லா ரிப்போட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கும், திகதி வரிசை இராது. கொப்பி என்ற ஒன்றே இல்லை. அரசக் கிளினிக்கின் அந்த நீலக் கொப்பியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், திடீரென்று வார்டில் படுக்க நேர்ந்தால் அதன் அருமை தெரிந்துகொள்வார்கள்.

இனிப் பெரியப்பா. மண்டூர்ப் பக்கம் வயல். நிபுணர் என்றால் குருமண்வெளிக்குப் பாதைப் படகில் ஆறு கடந்து, களுவாஞ்சிகுடிக்குப் பஸ் பிடித்து, ஒரு நாள் வேலை போய்விடும். அதனால் ஊர்ப்பக்கச் சின்ன ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மருந்தெடுப்பார். எட்டு வருடம், ஒரு நிபுணரையும் பார்க்கவில்லை. அங்கே இருந்த டொக்டருக்கு அவரைப் பெயர் சொல்லித் தெரியும், அறுவடை எப்படி என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், மூவரில் சீனி கட்டுப்பாட்டில் இருந்தது பெரியப்பாவுக்குத்தான். மருந்து ஒருநாளும் தவறவில்லை, வேலை செய்கிற உடம்பு, ஆஸ்பத்திரி சைக்கிள் தூரம். பக்கத்தில் இருக்கும் சாதாரண டொக்டர், தூரத்தில் இருக்கும் நிபுணரை விடப் பல விசயங்களில் மேல் என்பதை நான் அவரிடம்தான் கண்டேன்.

கால் அவரை மாட்டிவிட்டது. வெறுங்காலோடு வரம்பில் நடக்கிறவர். நத்தை ஓட்டுத் துண்டொன்று உள்ளங்காலில் ஏறிக் கிடந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது, சீனியால் கால் உணர்வு குறைந்து நோ இல்லை. பெரியம்மாதான் பாயில் கறையைக் கண்டு காலைத் திருப்பிப் பார்த்தா. அதற்குள் கால் விரலடி வீங்கி, மணம் வரத் தொடங்கிவிட்டது. வார்டில் மூன்று கிழமை கிடந்தார், ஒரு விரல் போனது. எட்டு வருடத்தில் ஏறக்குறைய நூறு தரம் டொக்டருக்கு முன்னால் இருந்திருக்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் கழற்றவில்லை. "வயக்காரன்ட கால்ல என்னத்தப் பாக்கிற?" என்று இப்போதும் சொல்வார், குரல்தான் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அந்த வார்டில்தான் காலுணர்வைச் சோதிக்கும் நைலோன் இழையை முதலில் பார்த்தேன். பேனை போல ஒரு பிடி, நுனியில் தூண்டில் தங்கூசி மாதிரி ஒரு இழை. உள்ளங்காலில் வைத்து அது வளையும் வரை அழுத்துவார்கள். 10 கிராம் பாரத்தில் வளையும்படி செய்தது. கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் "ஓம்" சொல்ல வேண்டும். பெரியப்பாவின் வலது காலில் பெருவிரலடியில் வைத்தார்கள், இழை வளைந்தது. அவர் பேசாமல் இருந்தார். குதிக்குப் பக்கத்தில் வைத்தார்கள், வளைந்தது. பேசாமல் இருந்தார். நான்காம் இடத்தில்தான் ஒரு "ஓம்" வந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு காலுக்கு ஒரு நிமிடம் கூட எடுக்கவில்லை. இதற்கு நிபுணர் தேவையில்லை, பழகிய தாதியே செய்யலாம்.

"வருத்தம் வந்தால் பார்ப்போம்" என்ற நான்காவது வழியும் ஊரில் இருக்கிறது. அதை ஒப்பிட ஒன்றுமில்லை. சீனி வருத்தம் அறிகுறி காட்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

சரி, எத்தனை தரம்? மூவரையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, கேள்வியே கொஞ்சம் பிசகு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டலை எடுத்தால், அதில் தெளிவாக எண்ணிக்கை போட்டிருப்பது பரிசோதனைகளுக்கு. சீனி இலக்குக்குள் நிலையாக இருப்பவருக்கு எச்பிஏ1சி வருடத்துக்கு இரண்டு தரமாவது. இலக்குக்கு வெளியே இருந்தால், அல்லது மருந்து மாற்றியிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகத்துக்காக, சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் வருடம் ஒருமுறை. கால் முழுச் சோதனை வருடம் ஒருமுறை. உணர்வு குறைந்தவருக்கும் முன்பு புண் வந்தவருக்கும் போகும் ஒவ்வொரு தடவையும். கண், இரண்டாம் வகைச் சீனி என்றால் கண்டுபிடித்த உடனே ஒரு தரம், பிறகு வருடாவருடம். பல வருடம் வருத்தம் உள்ளே இருந்து பிறகுதான் தெரியவருவதால் அந்த முதல் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் நிபுணரை எத்தனை தரம் பார்த்தோம் என்பது இரண்டாம் பட்சம்.

ஆகவே என் தெரிவு பெரியப்பாவின் வழிதான், ஒரு திருத்தத்தோடு. மாத மருந்து பக்கத்து ஆஸ்பத்திரியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சீனி நிலையாக இருந்தால் வருடம் ஒருமுறை, மேலே சொன்ன ரிப்போட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிபுணரிடம். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மட்டும்தான் கதி என்றில்லை, களுவாஞ்சிகுடியிலும் கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகளிலும் அக்கரைப்பற்றிலும் பொது வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு டவுன் கிட்ட வந்துவிட்டது. ஊர் டொக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம்.

காசு இருந்தால் சனல் பண்ணுவதில் தப்பில்லை. ஆனால் வருடம் நான்கு தரம் சனல் பண்ணும் காசில் இரண்டை மிச்சம் பிடித்து, அதில் கண்ணையும் சிறுநீரையும் பாருங்கள் என்று மாமாவுக்குச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், பிறகு போனார்.

இந்தக் கணக்கு பொருந்தாத ஆட்களும் இருக்கிறார்கள். இவர்கள் ஆறு மாதம் என்று இருக்கக் கூடாது. இன்சுலின் தொடங்கியவர்கள், அல்லது அளவு மாறிக்கொண்டிருப்பவர்கள். சின்ன வயதில் முதலாம் வகைச் சீனி வந்த பிள்ளைகள். நடுச்சாமத்தில் வியர்த்து, நடுங்கி, சீனி 70க்குக் கீழே இறங்குகிறவர்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளரும்போது பழைய குளிசையே கூடிப்போய் இப்படி வரும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சீனியோடு கர்ப்பமான பெண்கள் மாதக் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கிழமைக் கணக்கு அது. முடிந்தால் கர்ப்பத்துக்கு முன்பே டொக்டரைக் காண வேண்டும். காலில் புண் என்றால் மாதமும் இல்லை, கிழமையும் இல்லை, அன்றைக்கே.

காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு திகதி இருக்கிறது. ரமழான் நோன்பு. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் நோன்பு வழிகாட்டல், ஆறு முதல் எட்டு கிழமைக்கு முன்பே டொக்டரைப் பார்க்கச் சொல்கிறது. காலைக் குளிசையை ஸஹருக்கா இஃப்தாருக்கா மாற்றுவது, எந்த மருந்தைக் குறைப்பது என்பதைப் பிறை கண்டபின் ஓடிப்போய்க் கேட்க நேரமில்லை. இடையில் 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பைத் திறக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கும் எங்கள் பக்கத்து அம்மாமாருக்கும் இதே கணக்குத்தான், அவர்கள்தான் கேட்பதில்லை.

கண் சோதனைக்குப் போகும்போது ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும், மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. மாமா தனியாகப் போய், ஓட்டோக்காரரிடம் ஆயிரம் ரூபாத் தாளை நூறென்று நினைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அவரது விழித்திரையில் தொடக்கக் கசிவு இருந்தது. நேரத்தோடு கண்டதால் இப்போதைக்குச் சீனியையும் பிரஷரையும் இறக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள்.

அம்மா இன்னும் மாதக் கிளினிக்கை விடவில்லை. விடச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. அங்கே அவவுக்குச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். கொப்பியின் பின் அட்டையில் நான்கு வரி எழுதி ஒட்டினேன்: மூன்று மாதச் சீனி, சிறுநீர், கண், கால். பக்கத்தில் கடைசியாகப் பார்த்த திகதி. போன கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, கால் வரிசையில் திகதி இல்லையே என்று செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறா. அன்றைக்கு அம்மாவுக்கு எடுத்த நேரம் ஆறு நிமிடம். பின்னால் நின்ற நம்பர்க்காரர்கள் முணுமுணுத்தார்களாம்.