டப்பாவுடன் வரும் காகிதம்: ராயக்கோட்டை சாலை பேக்கிங் கடை பற்றி

கிருஷ்ணகிரியில் மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கும் சிறுதொழில் எங்களுடையது. ராயக்கோட்டை சாலையில் உள்ள ஒரு பேக்கிங் பொருள் கடையில் இரண்டு மாம்பழப் பருவங்களாக பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அரை கிலோ டப்பாக்களை வாங்கி வருகிறோம். டப்பாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: கனமாக இருக்கிறது, மூடி இறுக்கமாகப் பிடிக்கிறது, எண்ணெய் கசிந்து அட்டைப்பெட்டி நனைந்தது ஒரே ஒரு முறைதான். இக்கடையை நான் விட்டுவிடாததற்குக் காரணம், சரக்குடன் அவர்கள் தரும் சான்றிதழ்.

உணவை நேரடியாகத் தொடும் பேக்கிங் பொருளுக்கு, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் இணக்கச் சான்றிதழை உணவுத் தொழில் செய்பவர் பெற்றிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இதற்கு முன் நாங்கள் வாங்கிய விற்பனையாளர் ‘ஃபுட் கிரேடு’ என்று அச்சடித்த ஒரு கடிதத்தைத்தான் கொடுத்தார். அதில் தொகுதி எண்ணும் இல்லை, சோதித்த ஆய்வகத்தின் பெயரும் இல்லை.

இங்கே கிடைத்த தாளில் தயாரிப்பாளரின் முத்திரை, தொகுதி எண், பாலிபுரொப்பிலீனுக்கான இந்தியத் தரநிலை எண்ணான ஐ.எஸ். 10910, சோதனை முறைக்கான ஐ.எஸ். 9845 ஆகியவை தெளிவாக இருந்தன. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் கரைந்து இறங்கும் பொருள்களின் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. ஆனால் எந்தத் திரவத்தில் சோதித்தார்கள் என்பதைப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் படிப்பதில் பயனில்லை. ஊறுகாயில் புளிப்பும் உண்டு, எண்ணெயும் உண்டு. வெறும் தண்ணீரில் சோதித்த முடிவு எங்கள் சரக்குக்கு எதையும் உறுதிப்படுத்தாது. புளிப்புக்காக 3 சதவீத அசிட்டிக் அமிலத்திலும், எண்ணெய்க்குப் பதிலாகச் சோதனையில் பயன்படுத்தும் ஹெப்டேன் என்ற திரவத்திலும் சோதித்த முடிவுகள் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது. கடைக்காரரும் விலையைச் சொல்வதற்கு முன்பே, “உள்ளே என்ன போடப் போறீங்க?” என்று கேட்டார், அந்தக் கேள்வியை வேறு எந்தக் கடைக்காரரும் என்னிடம் கேட்டதில்லை.

குறையும் உண்டு. சான்றிதழ் டப்பாவுக்கு மட்டுமே இருந்தது; சிவப்பு மூடியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உணவைத் தொடும் பிளாஸ்டிக்கில் சேர்க்கத் தக்க நிறமிகளுக்கு ஐ.எஸ். 9833 என்று தனிப் பட்டியலே இருக்கும்போது, கவிழ்ந்தால் ஊறுகாய் எண்ணெய் படும் மூடியை விட்டுவிடுவது சரியல்ல. கேட்டபின் தயாரிப்பாளரிடமிருந்து அதற்கான தாளை வரவழைத்துத் தந்தார்கள் என்றாலும், மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை நிறமில்லாத மூடிகளைத்தான் வாங்கினோம்.

விலை மற்ற கடைகளைவிடச் சற்றுக் கூடுதல். 200 டப்பாவுக்குக் குறைந்து கொடுப்பதில்லை என்பதால், வீட்டளவில் தொடங்குபவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து வாங்குவது நல்லது; அப்போது சான்றிதழின் நகலை ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.