பதிவெழுதும் அம்மாக்களின் மாநாட்டில் இரண்டு நாள்

வாசலில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால், என் பெயருக்குக் கீழே ஏழு வெற்றுக் கட்டங்கள். முன்பதிவுப் படிவத்தில் வலைப்பதிவின் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தேன். அச்சடித்த கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை போலிருக்கிறது. மேசையில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். "அது உங்கள் லோகோ என்றல்லவா நினைத்தேன்" என்றார். வேறு அட்டை அடிக்க நேரமில்லை. இரண்டு நாளும் அந்தக் கட்டங்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தேன்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில், அதைப் பற்றி வலைப்பதிவும் எழுதுகிறவர்களுக்கென்றே நடக்கும் மாநாடு இது. இவ்வளவு சின்ன வட்டத்துக்கு ஒரு மாநாடா என்று என் கணவரே கேட்டார். ஏறக்குறைய 300 பேர் வந்திருந்தார்கள். அப்பாக்கள் எல்லாரும் ஒரே மேசையில் அடங்கிவிட்டார்கள். நான் எட்டு வருடமாக மூன்று பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் நடத்துகிறேன்; எழுதத் தொடங்கி ஐந்து வருடம். மாநாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. நடத்தியவர்களும் என்னைப் போலக் கணக்குப் பாடத்துக்கும் துவைத்த துணிக்கும் நடுவில் ஓடுகிறவர்கள்தான்.

ஜெபத்தோடும் பாட்டோடும் தொடங்கினார்கள். அது நன்றாகவே இருந்தது. அதுவரை முகமே பார்த்திராத 300 பேர் ஒரே பாட்டை மனப்பாடமாகப் பாடும்போது அந்நியம் போய்விடுகிறது. அடுத்து வந்த தொடக்க உரைதான் நெருடியது. "உங்கள் வலைப்பதிவு ஒரு ஊழியம்", அதாவது கடவுளுக்குச் செய்யும் சேவை, என்று ஆரம்பித்தவர், கால் மணி நேரத்தில் விளம்பர வருமானத்துக்கு வந்துவிட்டார். ஊழியம் என்ற சொல் மட்டும் மாறவே இல்லை. சம்பாதிப்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அதற்கு அந்தச் சொல்லைப் போர்த்தினால் எனக்கு ஒட்டவில்லை.

ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் அமர்வுகள் நடந்ததால், ஒன்றைக் கேட்டால் இரண்டு போச்சு. தேடுபொறி அமர்வு எனக்குத் தெரிந்த கதைதான். புகைப்பட அமர்வில் ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது உபயோகப்பட்டது. வைஃபை முதல் அரை மணி நேரத்திலேயே படுத்துவிட்டது. பதிவர்கள் கூடும் இடத்தில் இதை எதிர்பார்த்திருக்க வேண்டாமா? கைக்குழந்தையோடு வந்தவர்களுக்குத் தனி அறை ஒதுக்கி, மேடைப் பேச்சு அங்கேயும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அந்த யோசனை யாருடையதோ, அவருக்கு நன்றி.

முதல் நாளில் எனக்குப் பிடித்தது கல்விமுறைகள் பற்றிய அமர்வு. சார்லட் மேசன் வழியில் ஒருவர், இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று படிப்படியாகப் போகும் கிளாசிக்கல் வழியில் ஒருவர், பாடத்திட்டம் வைக்காமல் பிள்ளையின் ஆர்வத்தின் போக்கிலேயே கற்கவிடும் அன்ஸ்கூலிங் பக்கம் ஒருவர் என மேடையில் மூன்று பேர். சார்லட் மேசன் 1842இல் பிறந்து 1923இல் மறைந்த ஆசிரியை. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஒரே ஒரு முறை வாசித்துக்காட்டிவிட்டு, கேட்டதைப் பிள்ளையே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும் என்றவர். பாடம் சுருக்கமாக இருப்பதன் அருமையைப் பற்றி அந்தச் சகோதரி 50 நிமிடம் பேசினார். முடித்துவிட்டு எங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தால் பாதி அரங்கம் மாட்டியிருக்கும், நான் உட்பட. மேசன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் 1892இல் ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கி நடத்தியவர். ஐந்தாறு பிள்ளை பெற்ற அம்மாக்கள் நூறு வருடம் கழித்து அவரிடம் புத்தி கேட்கிறோம். எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அன்ஸ்கூலிங் பக்கம் பேசியவர் நேர்மையாக ஒன்றைச் சொன்னார். அந்தச் சொல்லைப் பரப்பிய அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட், வீட்டில் கற்கும் குடும்பங்களுக்காக 1977இல் பத்திரிகை தொடங்கியபோது அவரைத் தள்ளியது விசுவாசம் அல்ல, பள்ளிக்கூடத்தின் மேல் போன நம்பிக்கை. வீட்டுக்கல்வி என்றாலே நம் சபை கண்டுபிடித்தது என்று நினைக்கிறவர்கள் முன்னால் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். எட்டு, பத்து வயதுவரை முறையான பாடத்துக்கு அவசரப்பட வேண்டாம் என்று 1970களிலேயே எழுதிய ரேமண்ட், டாரதி மூர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தம்பதியரைப் பற்றியும் பேச்சு வந்தது. என் இரண்டாவது பையன் ஒன்பது வயதுக்கு மேல்தான் வாசித்தான். மூர் தம்பதியரின் அந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடங்களைத் தள்ளினேன். ஆனால் மேடையில் இருந்தவர் உடனே ஒரு எச்சரிக்கையும் வைத்தார்: பொறுத்திருப்பது வேறு, வாசிப்பைச் சிரமமாக்கும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருப்பதைக் கவனிக்காமல் விடுவது வேறு, சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை, அப்புறம் பொறுமை. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

மதிய வரிசையில் நிற்கும்போது வீட்டுக்குப் போன் செய்து தமிழில் பேசினேன். பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டார். "அக்கா, நீங்களா அது? ஒன்பது வயதிலும் வாசிக்காத பையன் என்று எழுதினது நீங்கள்தானே?" என் பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். "இப்போ எப்படியிருக்கான்? வாசிக்கிறானா? அந்த மூச்சிரைப்பு நின்றுவிட்டதா?" என்று பையனின் பெயரைச் சொல்லியே விசாரித்தார். தன் மகளுக்கும் அதே பிரச்சினை, என் பதிவைப் படித்த ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை. வந்ததற்கு இது போதும் என்று அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கண்காட்சிக் கூடம். பாடத்திட்டம் விற்கிறவர்கள் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். எங்களுக்கு எல்லாம் இலவசம். பதிலுக்கு விமர்சனம் எழுத வேண்டும். மூன்று பெட்டி வாங்கினேன், பை அறுந்தது. ஒரு மேசையில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "நல்லதை எழுதுங்கள் சிஸ்டர், குறை தெரிந்தால் எங்களுக்கு மட்டும் மின்னஞ்சல் போடுங்கள்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெரிய வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவருக்கு என்னை நினைவே இல்லை; வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

இதைச் சட்ட அமர்வுக்கு முன்னால் செய்தது நல்லதாயிற்று. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இலேயே பதிவர்களையும் சேர்த்து விதியைத் தெளிவாக்கிவிட்டது. பணம் வாங்கினால் மட்டுமல்ல, இலவசமாக ஒரு பொருளை வாங்கிக்கொண்டு எழுதினாலும் அதை வாசகரின் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், பதிவின் கடைசியில், பொடி எழுத்தில். "அங்கே யார் வருவார்கள் என்று நினைத்து வைத்தீர்கள்?" என்று பேச்சாளர் பொதுவாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

இரண்டாம் நாள் பிற்பகல், எல்லாரும் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், சின்ன அறையில் ஒரு அமர்வு வைத்திருந்தார்கள். தலைப்பு பிள்ளைகளின் தனியுரிமை. வந்தது 20 பேர். மற்ற அமர்வுகளைவிட அதிகமான நாற்காலி போட்டுக் காலையிலேயே வைத்திருக்க வேண்டியது அதுதான்.

பேசியவர் வளர்ந்த பிள்ளைகளின் தாய். மேடைப் பேச்சு மாதிரி எதுவும் இல்லை. எங்கள் வலைப்பதிவை நாங்களே போனில் திறந்து, முன்பின் தெரியாத ஆள் பத்து நிமிடத்தில் உங்கள் ஒரு பிள்ளையைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ள முடியும் என்று தாளில் எழுதச் சொன்னார். வைஃபை இல்லாததால் அவரவர் டேட்டாவில் திறந்தோம். நான் இரண்டாவது பையனை எடுத்தேன். முழுப்பெயர். பிறந்த நாள், பதிவில் தேதி கிடக்கிறது. மூச்சிரைப்பு, அதற்கு எடுக்கும் மருந்து. வியாழன் நான்கு மணிக்கு நீச்சல். எந்தச் சபை, எந்த வரிசையில் உட்காருவோம். வாசிக்க வராமல் அழுதது. 14 வரியில் நிறுத்திக்கொண்டேன். அழாமல் இருக்க அந்தக் கட்டம் போட்ட அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் எடுக்கும் படத்துக்குள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். ஏற்றும்போது சில தளங்கள் அதை அழிக்கும், சில அப்படியே வைத்திருக்கும். இது எனக்குத் தெரியும். தெரியாதது முகவரி விஷயம். வணிகம் சார்ந்த மின்னஞ்சலில் அனுப்புகிறவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்வதால், வாசகர் பட்டியலுக்குக் கடிதம் அனுப்பித்தரும் சேவைகள் முகவரியைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் போட்டுவிடுகின்றன. மற்றவர்கள் அலுவலக முகவரியைக் கொடுப்பார்கள். நமக்கு அலுவலகம், பள்ளிக்கூடம், பிள்ளைகள் நாள் முழுக்க இருக்கும் இடம் எல்லாம் ஒரே கதவுதான். தபால் பெட்டி எண் ஒன்று எடுத்தால் போதுமாம். இந்த ஒரு தகவலுக்காகவே நுழைவுக் கட்டணம் கொடுக்கலாம்.

பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னார். 16 வயதில் சபையின் வாலிபர் முகாமுக்குப் போனவளிடம், முன்பின் தெரியாத ஒரு பெண், "நீதானே பத்து வயதுவரை எழுத்துக்கூட்டத் தெரியாதவள்" என்று கேட்டிருக்கிறாள். கேலியாகக்கூட இல்லை, அன்பாகவே. மகள் முகாமிலிருந்து பாதியில் வந்துவிட்டாள். எனக்கு மதிய வரிசை ஞாபகம் வந்தது. அந்தத் தங்கை கேட்டதும் அன்பாகத்தான். பையன் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் உட்கார்ந்து 412 பதிவையும் புரட்டினேன். 31ஐ எடுத்துவிட்டேன். முகவரியை மாற்றினேன், இலவசமாக வாங்கியதைச் சொல்லும் வரியைத் தலைப்புக்குக் கீழே கொண்டுவந்தேன். அந்த வாசிப்புப் பதிவை மட்டும் தொட முடியவில்லை. அதைப் படித்து ஒரு தாய் தூங்கியிருக்கிறாள். கடைசியில் பையனிடமே கொடுத்தேன். 12 வயது, அவனைப் பற்றி எழுதியதை அவனே வாசிப்பது அதுதான் முதல் தடவை. மெதுவாக, விரல் வைத்து, முழுக்க வாசித்தான்.

"அம்மா, இதில் நான் 'எனக்கு மூளையே இல்லை' என்று சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். அது நான் சொல்லவில்லை. அக்கா சொன்னது."

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வரியை எடுத்தேன். பெயரையும் படத்தையும் எடுக்கச் சொன்னான், எடுத்தேன். மூச்சிரைப்பைப் பற்றிய பத்தியை அவனே பென்சிலால் அடித்திருந்தான். மீதி இருக்கட்டும், அந்த ஆன்ட்டிக்கு வேண்டுமே என்றான்.

போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: எழுதத் தொடங்கி ஒரு வருடமாவது ஆகியிருந்தால் போங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கண்காட்சிக் கூடம் கண்ணைக் கட்டிவிடும். ஒரு நாளைக்கு மட்டும் சீட்டு கிடைத்தால் இரண்டாம் நாளை எடுங்கள், கடைசி அமர்வு முடியும்வரை கிளம்பாதீர்கள். அறுந்துபோகாத பை ஒன்று கொண்டுபோங்கள், ஆனால் காலியாகவே திரும்பக் கொண்டுவரப் பாருங்கள்.

அடுத்ததற்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. வலைப்பதிவின் பெயர் கேட்கும் இடத்தில் இந்த முறையும் தமிழிலேயே கொடுத்திருக்கிறேன். எழுத்துரு வாங்கிவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது, பார்க்கலாம்.